பல்லக்கா வீட்டில் கேட்ட குரல்

பல்லக்காவின் வீட்டுக்குள் நுழைகிறவர்களை முதலில் வரவேற்பது வாய்கள்தான். முன்னறைச் சுவர் முழுக்கப் பலகை அடித்து, பிளாஸ்டர் தாடைகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பாள். பல் போனவை, பாதி போனவை, கோணலும் மாணலுமாக வளர்ந்தவை என்று எல்லா தினுசும் அங்கே உண்டு. சுற்றுவட்டாரத்துப் பல் வைத்தியர்கள் எடுக்கிற அளவெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். அளவில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லைப் பதித்து, அச்சில் வேகவைத்து, மோட்டாரில் தேய்த்து மெருகேற்றி அனுப்பினால், ஏதோ ஒரு பெரியவர் மறுபடியும் கடலை கடிப்பார். “ஊர்ல பாதிப் பேர் என் பல்லத்தான் காட்டிச் சிரிக்கிறாங்க” என்பாள். அவள் வாயில் மட்டும் முன்பல் ஒன்று கிடையாது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மாவா?

அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். விடிகாலையில் வண்டியெடுத்தால் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். இருவருக்கும் கல்யாணமே தாமதமாகத்தான் ஆனது, பிள்ளை இல்லை. ஏங்குகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. ஆனால் வீடு எப்போதும் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது, அதுதான் அவளை உறுத்தியது. பெற்றவர்கள் இல்லாத, இருந்தும் இல்லாத பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்க்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு நலத்துறை அலுவலகத்துக்குப் போனாள். விசாரணையும் வகுப்பும் முடிந்து, ஒரு மழைக்காலத்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி அவள் வீட்டுக்கு வந்தாள்.

வந்தவள் கால் தரையில் பட்ட சத்தமே கேட்கவில்லை. பல்லக்கா திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பாள். எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. இரண்டாம் நாளே பஸ்காரர் அவளுக்குப் ‘பூனை’ என்று பெயர் வைத்துவிட்டார். பூனை எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், குளி என்றால் குளித்தாள். வெந்நீர்ப் பாத்திரத்தில் கையைச் சுட்டுக்கொண்டபோதுகூட அழவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் பல்லக்காவுக்கே விஷயம் தெரிந்தது.

“ஆரம்பத்துல ரொம்ப நல்ல பிள்ளையா இருப்பாங்க. அதப் பாத்து ஏமாந்துடாதீங்கம்மா” என்று நலத்துறை அலுவலர் முன்பே சொல்லியிருந்தார். அந்த அம்மா வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர், பூனையின் பழைய கதை அவருக்கு முழுதாகத் தெரியாது. பூனையோ இதற்கு முன் இரண்டு வீடு பார்த்தவள். அந்த இரண்டு வீட்டாரும் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு வீட்டில், “திருடுறா” என்றார்களாம். இன்னொரு வீட்டில் காரணமே சொல்லவில்லையாம். எங்களால் முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு, பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி ஒப்படைத்தார்களாம்.

முதலில் விசித்திரமாகப் பட்டது தாடைகள்தான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் முதல்முறை அவற்றைப் பார்த்தால் ஒன்று பயப்படும், இல்லை எடுத்து விளையாடும். பூனை இரண்டையும் செய்யவில்லை. ஒரு நாள் பல்லக்கா குளித்துவிட்டு வந்து பார்க்கிறாள், பலகையில் இருந்த தாடை அத்தனையும் மூடியிருந்தன. மேல்தாடையும் கீழ்த்தாடையும் சரியாக ஜோடி பார்த்துச் சேர்த்து, தையல் நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. பூனை பக்கத்தில் நூல்கண்டோடு நின்றாள்.

“எதுக்குடா கண்ணு இப்படிக் கட்டியிருக்க?”

“பேசாம இருக்கட்டும்” என்றாள் பூனை.

பல்லக்கா உட்கார்ந்து நூலை அவிழ்த்தாள். சின்னப் பிள்ளை, ஏதோ விளையாட்டு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முடிச்சு ஒவ்வொன்றும் விளையாட்டு முடிச்சாக இல்லை.

அதற்குப் பிறகுதான் குரல் கேட்டது.

மெருகேற்றும் மோட்டார் ஓடினால் காதுக்குப் பக்கத்தில் வெடி வெடித்தாலும் கேட்காது. ஒரு மத்தியானம் வேலையை முடித்து மோட்டாரை நிறுத்தினாள். சத்தம் அடங்குகிற அந்த இடைவெளியில், உள்ளறையிலிருந்து ஒரு பெண் பேசுவது கேட்டது. அடித்தொண்டைக் குரல், தூக்கமில்லாத குரல். “சத்தம் போடாதடா. அம்மா இங்கதான் இருக்கேன். தூங்கு.” நடுவே வறட்டு இருமல் ஒன்று. கீழ்வீட்டுக்காரி வந்திருக்கிறாள் போல என்று பல்லக்கா எழுந்து போய்ப் பார்த்தாள். உள்ளே பூனை மட்டும் அலமாரிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“யாரு வந்தாங்க?”

பூனை தலையை ஆட்டினாள். யாரும் வரவில்லை.

தெருவில் யாராவது பேசியிருப்பார்கள் என்று பல்லக்கா விட்டுவிட்டாள். விட்டாலும் அந்தக் குரல் விடவில்லை. பல் வைத்தியரின் கிளினிக்கிலிருந்து அளவு டப்பா கொண்டுவருகிற ஆள் ஒரு நாள் படியில் எதிர்ப்பட்டு, உடம்பு இப்போது தேவலையா என்று கேட்டார். நேற்று வந்தபோது கதவைத் தட்டினாராம். உள்ளேயிருந்து ஒரு அம்மா, உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறேன், அப்புறம் வாங்க என்று சொன்னாராம். நடுவில் இருமினாராம். நேற்று அந்த நேரம் பல்லக்கா எதிர்க் கடையில் பால் வாங்கப் போயிருந்தாள். வீட்டில் பூனை மட்டும்தான் இருந்தாள்.

பல்லக்கா கீழ்வீட்டில் போய் விசாரித்தாள். கீழ்வீட்டுக்காரியோ, தானும் கேட்டிருப்பதாகவும், இந்த வீட்டில் முன்பு குடியிருந்தவள் இருமி இருமியே செத்தாள் என்றும் ஆரம்பித்துவிட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும். பஸ்காரர் நம்பவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நீ பட்டப்பகலிலேயே அரள்கிறாய் என்று கேலி செய்தார். இரண்டு நாள் கழித்து, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், பனியனோடு முன்னறைக்கு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. “உள்ள யாரோ இருக்காங்க” என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் கேலி செய்யவில்லை. மத்தியானத் தூக்கத்தையும் விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் எறும்பு வந்தது. உள்ளறைத் தரையில் சாரை சாரையாக ஊர்ந்து அலமாரிக்குள் போயிற்று. பல்லக்கா திறந்து துணிகளை விலக்கினாள். பின்னால் ரொட்டித் துண்டுகள், பிஸ்கட், காய்ந்த பழம், காகிதத்தில் சுற்றிய அவித்த முட்டை. எல்லாமே பாதி. ரொட்டியைக் கத்தியால் வெட்டியதுபோல நேர்பாதியாகப் பிய்த்து, ஒரு பாதி மட்டும் வைக்கப்பட்டிருந்தது. பழையது பச்சைப் பூசணம் பிடித்து, புதியது அதன் மேல் இருந்தது. ‘திருடுறா’ என்று முந்தைய வீட்டார் சொன்னது நினைவுக்கு வந்தது. வயிறார மூன்று வேளையும் போடுகிற வீட்டில் ஏன் இப்படி என்று அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் கொட்டி, அலமாரியைக் கழுவித் துடைத்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பூனை அலமாரியைத் திறந்து பார்த்தாள். கத்தவில்லை, கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே அவள் கால் வழியாக நீர் வழிந்தது. முகம் வெற்றுக் காகிதம் போலிருந்தது. பல்லக்கா தோளைத் தொட்டபோது உடம்பு கட்டை மாதிரி இருந்தது. கூப்பிட்டால் காது கேட்கவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை. வெகுநேரம் கழித்து, தானாக ஈரத்தைத் துடைத்துவிட்டு, “சாரிம்மா” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துதான் பல்லக்காவுக்கு முதன்முதலாகப் பிள்ளையிடமே பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல். கரண்ட் போய் வீடு நிசப்தமாக இருந்தது. உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அந்த இடுக்கு வழியாகப் பல்லக்கா பார்த்தாள்.

பூனை அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். அலமாரிக் கதவு மூடியிருந்தது. உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்திருந்தாள், தூங்குகிற பிள்ளையின் முதுகில் கை வைப்பதைப் போல. அவள் உதடு அசைந்தது. அந்தச் சின்ன வாயிலிருந்து முப்பது வயதுப் பெண்ணின் குரல் வந்தது. “அழாதடா. ஆளுங்க போயிடட்டும். அம்மா இங்கதான் இருக்கேன்.” பிறகு அந்த இருமல். பூனைக்கு இருமலே கிடையாது. காதை மரத்தில் ஒட்டிவைத்து, பதில் வருகிறதா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டாள்.

பல்லக்காவின் உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்து நின்றது. ஓடிப்போய்ப் பிள்ளையை உலுக்க வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. தெருவுக்கு ஓடிவிட வேண்டும் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டுக்கும் கால் வரவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பேயாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியதாம். பேய்க்கு யாராவது ஒருத்தர் பரிகாரம் சொல்வார்கள். இந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

மறுநாள் நலத்துறை அலுவலரிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அம்மா, பூனை முன்பு இருந்த ஊரின் அலுவலகத்துக்குப் போன் செய்தார். பேசப் பேச அவர் குரல் தணிந்தது. வைத்துவிட்டு, நாற்காலியைப் பல்லக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

பூனைக்கு ஒரு தம்பி உண்டு. அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. அவர்களுடைய அம்மா வெளியே பூட்டிவிட்டுப் போவாளாம். நான் இல்லை என்று யாருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் உங்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போவாளாம். முதலில் சில மணி நேரம், பிறகு ராத்திரி, பிறகு நாள் கணக்கு. கடைசியாக ஒரு முறை போனவள் வரவேயில்லை. யாராவது கதவைத் தட்டினால், ஐந்து வயதுப் பெண் தம்பியை அலமாரிக்குள் படுக்கவைத்து மூடிவிட்டு, அம்மாவின் குரலில் பதில் சொல்லியிருக்கிறாள். அக்கம்பக்கத்தார் எல்லோரும், அந்தப் பொம்பளை உள்ளேதான் இருந்தாள், காதால் கேட்டோம் என்றே சாட்சி சொன்னார்கள். கதவை உடைத்தபோது பிள்ளைகள் இரண்டும் குற்றுயிராகக் கிடந்தன. ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தம்பியை ஒரு குடும்பம் தத்தெடுத்துக்கொண்டது.

“அவன் நல்லா இருக்கான். பக்கத்து ஊருதான்” என்றார் அலுவலர்.

“அது இவளுக்குத் தெரியுமா?”

“இவ கேக்கவே இல்லையாம். அதனால யாரும் சொல்லலயாம்.”

குழந்தைகளைப் பார்க்கிற மனநல மருத்துவர் ஒருவரிடம் அலுவலரே அனுப்பிவைத்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர் அவர். பல்லக்கா சொல்வதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, இந்தப் பிள்ளை இன்னும் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள் என்றார். உடம்பு இங்கே வந்துவிட்டது, பயம் அங்கேயே நிற்கிறது. சாப்பாட்டை ஒளிப்பது திருட்டு இல்லை, அது தம்பியின் பங்கு. சிரிப்பது சந்தோஷத்தால் இல்லை, பெரியவர்களைக் கோபப்படுத்தாமல் இருக்க அவள் கற்ற வித்தை. அந்தக் குரலை நிறுத்து என்று சொல்லாதீர்கள், அதுதான் இரண்டு உயிரையும் காப்பாற்றிய குரல். தேவை போனால் தானே போகும். சாப்பாட்டுக்கு மூடி போட்ட டப்பா ஒன்று அவளுக்கென்று கொடுங்கள், அது ஒருபோதும் காலியாக வேண்டாம். எங்கே போனாலும் போகிறேன், வருகிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். முக்கியமாக, தம்பியைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொல்வது அவ்வளவு லேசாக இல்லை. பல்லக்கா முதலில் குப்பையில் கொட்டியதற்கு மன்னிப்புக் கேட்டாள். டப்பாவைக் கொடுத்தாள். பிறகு உள்ளறையில் பூனையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உன் தம்பி உயிரோடு இருக்கிறான், அவனுக்கு ஒரு அம்மா அப்பா இருக்கிறார்கள், மூன்று வேளையும் சாப்பிடுகிறான் என்றாள். அலுவலர் வாங்கிக் கொடுத்த போட்டோவைக் காட்டினாள். மஞ்சள் சட்டை போட்ட, கன்னம் உப்பிய பையன்.

பூனை போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி அலமாரியைப் பார்த்தாள்.

“அப்ப இதுக்குள்ள யாரு இருக்கா?” என்றாள்.

அந்த நொடியில் பல்லக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. துணிதான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல், திறந்து பார்க்கலாமா என்று கேட்டாள். பூனை அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம். வெளிச்சம் பட்டா அழுவான்.”

சரி என்று இருவரும் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்கள். அன்று பஸ்காரர் சாப்பிட வந்தபோது அடுப்பே பற்றவைக்கவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் கடையில் ரொட்டி வாங்கிவந்து, மூன்று பங்குக்குப் பதில் நான்கு பங்காக வைத்தார். அதைச் செய்யச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தம்பியைத் தத்தெடுத்தவர்கள் முதலில் தயங்கினார்கள். அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை, ஏன் கிளற வேண்டும் என்றார்கள். மருத்துவர் பேசிய பிறகு சம்மதித்தார்கள். நலத்துறை அலுவலகத்தின் பின்னறையில், ஒரு மேசையும் நாலைந்து நாற்காலியும் போட்ட இடத்தில், காலை நேரத்தில் சந்திப்பு நடந்தது. பையன் கையில் ஒரு பொம்மைக் கார். அதைச் சுவரோரமாக ஓட்டிக்கொண்டே இருந்தான். அக்காவைப் பார் என்றார்கள். பார்த்தான், மறுபடி கார் ஓட்டினான். பூனை நாற்காலி நுனியில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைத் தத்தெடுத்த அம்மா சங்கடத்தோடு பல்லக்காவைப் பார்த்துச் சிரித்தாள். இதற்கா இவ்வளவு பாடு என்று பல்லக்காவுக்கும் மனம் விட்டுப்போயிற்று.

அப்போது யாரோ வெளியேயிருந்து கதவைத் தட்டினார்கள்.

பூனையின் முதுகு நிமிர்ந்தது. “சத்தம் போடாதடா. அம்மா இங்கதான் இருக்கேன்” என்றது அந்தக் குரல்.

கார் நின்றது. பையன் அதைச் சத்தம் வராமல் தரையில் வைத்தான். யாரையும் பார்க்கவில்லை. தவழ்ந்து மேசைக்கு அடியில் போனான். சுவர்ப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, தன் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணை மட்டும் திறந்தே வைத்திருந்தான். ஒன்றும் ஞாபகம் இல்லாத நான்கு வயதுப் பிள்ளை, நேற்றுவரை பழகியவன்போல அதைச் செய்து முடித்திருந்தான்.

“வீட்ல காலிங்பெல் அடிச்சாலும் இப்படித்தான் போய்ப் படுத்துக்குவான்” என்றாள் அவனுடைய அம்மா. “ஒளிஞ்சு விளையாடுறான்னு நாங்களும் தேடுற மாதிரி நடிப்போம்.”

முதலில் அசைந்தவள் பல்லக்காதான். எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள். தண்ணீர் டம்ளர்களோடு நின்ற அலுவலக ஊழியர் ஒன்றும் புரியாமல் விழித்தார். “தண்ணி கொண்டு வந்திருக்காருடா. வேற யாருமில்ல. கதவு திறந்தேதான் இருக்கும்” என்று பொதுவாகச் சொன்னாள்.

பூனை கதவைப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்தவரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி மேசைக்கு அடியில் தலையை நீட்டினாள். வாயைத் திறந்து மூடினாள். எந்தக் குரலில் பேசுவது என்று தேடுவதுபோல இருந்தது. கடைசியில் வந்தது ஏழு வயதுப் பெண்ணின் கீச்சுக் குரல்.

“வெளிய வாடா. அவங்க போயாச்சு.”

அவன் உடனே வரவில்லை. பூனை அங்கேயே தரையில் படுத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை வந்து பூனையின் காதைப் பிடித்து இழுத்தது. பூனை விடு என்றாள். அவன் விடவில்லை.

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு முறை, பஸ்காரரின் ஓய்வு நாளில், இரண்டு குடும்பமும் சந்தித்துக்கொண்டன. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. குரல் அதற்கப்புறமும் பல மாதம் கேட்டது. கரண்ட் போனால், அழைக்காத ஆள் வந்தால், பல்லக்கா சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் கேட்டது. பல்லக்கா ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, “நான்தான்டா, வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள். ஒரு நாள் யோசித்துப் பார்த்தால், அந்த இருமலைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்கும் பஸ்காரருக்கும் தெரியவில்லை.

நல்ல பிள்ளை போய், சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை வந்தது. பள்ளிக்கூடத்தில் சண்டை, வீட்டில் கதவை அறைவது, உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று கத்துவது. பஸ்காரர் தலையில் கைவைத்தபோது மருத்துவர் சிரித்தார். கத்தினால் அனுப்பிவிட மாட்டார்கள் என்று நம்புகிறாள், அதனால்தான் கத்துகிறாள், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்றாராம். ஜெயித்த மாதிரி தெரியவில்லையே என்றார் பஸ்காரர். பத்து வயதில் பூனை சட்டப்படி அவர்கள் மகளானாள்.

அவளுக்குப் பதினான்கு வயது நடக்கும்போது நலத்துறையிலிருந்து மறுபடி போன் வந்தது. ஐந்து வயதுப் பெண், எந்த வீட்டிலும் தங்கமாட்டேன் என்கிறாள், கொஞ்ச நாளாவது வைத்துக்கொள்ள முடியுமா என்று. பல்லக்கா மகளிடம்தான் முதலில் கேட்டாள். மகள் தோளைக் குலுக்கினாள். மறுநாள் தன் அறையில் பாதியைக் காலி செய்து வைத்திருந்தாள்.

வந்த குழந்தை வாசலைத் தாண்டியதும் பல்லக்காவின் மணிக்கட்டைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டது. அலுவலர் பதறிப்போனார். பல்லக்கா கையை உதறிக்கொண்டே, வரிசை நல்ல வரிசைதான், கீழே ஒரு பல் ஆடுகிறது என்றாள். குழந்தை ஒவ்வொரு அறையாக ஓடி, சுவரைத் தடவி, திரைச்சீலையை இழுத்து, கட்டிலுக்கடியில் பார்த்து, யாரிடமும் சிக்காமல் சுற்றியது. பஸ்காரர் பிடிக்கப் போனார்.

“விடுங்கப்பா” என்றாள் மகள். அவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எத்தன வழி இருக்குன்னு பாக்குறா. பாத்து முடிக்கட்டும்.”

குழந்தை சமையலறைக்குள் போனது. உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.